ஊதீன்: கண்டியிலிருந்து சிட்னிக்கு நாடுகடத்தப்பட்ட மலாய்ப் படைவீரர்

ஊதீன், இலங்கையில் பிரித்தானியரின் மலாய்ப் படைப்பிரிவில் டிரம் மேஜராக இருந்தவர். 1803ஆம் ஆண்டுப் போரில் கண்டி அரசரின் பக்கம் சேர்ந்தார். 1815இல் கண்டி வீழ்ந்தபோது பிரித்தானியரிடம் அகப்பட்டு, ஆயுள் தண்டனைக் கைதியாக நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டார். 1816 பெப்ரவரியில் மனைவி மக்களோடு சிட்னியில் இறங்கி, பின்னர் அவுஸ்திரேலியாவின் வடகரைக் குடியேற்றங்களில் அரசின் மலாய் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பதிவுகளில் வில்லியம் ஓ'டீன் என்ற பெயரிலும் காணப்படுகிறார். இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியா சென்று குடியேறியோரில் ஆவணப்படுத்தப்பட்ட முதல் குடும்பம் இவருடையது என்று கருதப்படுகிறது.

மலாய்ப் படை

கடல் கடந்து அனுப்புவதைத் தண்டனையாகக் கொள்ளும் வழக்கம் பிரித்தானியருக்கு முன்பே இலங்கைக்குத் தெரிந்ததுதான். ஜாவாவில் தங்களை எதிர்த்த அரசர்களையும் பிரபுக்களையும் ஒல்லாந்தர் இலங்கைக்கு அனுப்பிவந்தனர். மாத்தறம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் இப்படி வந்தவர். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் சிப்பாய்களும் கைதிகளும் வந்தனர். இவர்களின் வழியினரே இலங்கை மலாயர். 1796 பெப்ரவரியில் கொழும்பு பிரித்தானியர் கைக்குப் போனதும், ஒல்லாந்தரிடம் சேவித்த மலாய்ப் படையினரை அவர்கள் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டனர்.

அப்படையின் டிரம் மேஜர் முரசறைவோருக்குத் தலைவர். எழுவதும் அணிவகுப்பதும் நிற்பதும் முரசின் குறிப்பால் நடந்த காலம் அது. எனவே இவர் படையின் நாளொழுங்கைக் கையில் வைத்திருந்தவர்.

முன்னேஸ்வரக் கரையும் 1803 போரும்

ஊதீனின் வாழ்க்கையைத் திருப்பிய போர், கண்டி மலைநாட்டுக்கும் கரையோரத்துக்கும் இடையிலான நெடுநாள் இழுபறியின் ஒரு கட்டம். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். 1578இல் போர்த்துக்கேயர் இடித்த சிவன் கோயிலைக் கண்டி அரசர் கீர்த்தி சிறி இராசசிங்கன் மீண்டும் எழுப்ப, 1753இல் குடமுழுக்கு நடந்தது. நாயக்க வமிசத்தவரான அவரது செல்வாக்கு அப்போது கடற்கரைவரை எட்டியது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. புத்தளம் உப்புக்கும் துறைமுகங்களுக்கும் மலைநாடு பிறர் தயவை நாட வேண்டியதாயிற்று. 1796க்குப் பின் அந்தப் பிறர் பிரித்தானியர் ஆயினர்.

1803 பெப்ரவரி 21இல் பிரித்தானிய ஜெனரல் மக்டவல் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசர் சிறி விக்கிரம இராசசிங்கன் மலைக்குள் விலகியிருந்தார். பிரித்தானியர் முத்துசாமி என்ற நாயக்க இளவரசருக்கு முடிசூட்டி, மேஜர் டேவியின் பொறுப்பில் ஒரு காவற்படையை விட்டுத் திரும்பினர். காய்ச்சலும் பட்டினியும் அந்தப் படையைத் தின்றன. ஜூன் 24இல் டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் புறப்பட்டவர்கள் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டபுலுவையில் நின்றனர். முத்துசாமியைக் கண்டியர் கேட்டுப் பெற்றுக் கொன்றனர். பின்னர் வெள்ளைச் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர்.

மலாயருக்கு மட்டும் வேறொரு வழி காட்டப்பட்டது: அரசரிடம் சேவகம் செய்தால் உயிர் தப்பலாம். அவர்களின் தலைவர் நூருதீன் மறுத்து உயிரை விட்டார். பலர் அரசரை ஏற்றனர். அவர்களில் ஒருவர் ஊதீன்.

அதே ஆண்டில் கண்டிப் படைகள் கரையோரத்துக்கு இறங்கின. சிலாபத்தின் சிறு மண்கோட்டையும் முற்றுகைக்கு உள்ளானது. உள்ளிருந்தவர்கள் குண்டுகள் தீர்ந்த பிறகு கருவூலத்துச் செப்புக் காசுகளைப் பீரங்கியில் திணித்துச் சுட்டு, உதவி வரும்வரை தாக்குப்பிடித்தனர்.

விசாரணையும் நாடுகடத்தலும்

ஊதீன் கண்டியில் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தார். 1815 பெப்ரவரியில் பிரித்தானியர் மீண்டும் நகரைப் பிடித்தனர். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரதானிகள் தங்கள் பதவிகளோடு புதிய ஆட்சிக்குள் போனார்கள். பழைய சிப்பாய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எதிரியிடம் ஓடிப்போனதாக ஊதீன்மீது இராணுவ நீதிமன்றம் குற்றம் தீர்த்து மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆயுள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

1803இல் அவர் முன் இருந்த தெரிவு சாவா சேவகமா என்பதுதான். இதைக் கணக்கில் எடுக்காமல் அவரைத் துரோகி என்று தீர்ப்பது நியாயமாகாது. அவர் சேவித்த அரசரும் 1816 தொடக்கத்தில் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். 1832இல் அங்கேயே இறந்தார்.

சிட்னியில்

லெப்டினன்ட் ஜெஃப்ரிஸ் தலைமையில் இலங்கை வந்திருந்த ‘கங்காரு’ என்ற சிறு கப்பல், திரும்பும்போது ஊதீனையும் அவர் மனைவி ஈவையும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றது. 1788 முதல் 1868 வரை அவுஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயரும் ஐரிஷ்காரருமே; ஆசியாவிலிருந்து போனவர்கள் மிகச் சிலர். தமிழகத்துக் கைதிகள் பெங்கூலன், பினாங்கு, சிங்கப்பூர், 1858க்குப் பின் அந்தமான் என்று வேறு திசைகளில் அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் குடும்பத்தைப் பிரிந்தே போனார்கள். ஊதீனின் குடும்பம் சேர்ந்தே கரையிறங்கியது. அவர் அங்கு வேரூன்ற அது உதவியது.

வடகரையில் மொழிபெயர்ப்பாளர்

பிரித்தானியர் அவுஸ்திரேலியாவின் வடகரையில் மலாய்த் தீவுகளோடு வணிகம் செய்ய ஒரு துறை தேடினர். மக்காசரிலிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்றில் படகுகள் அங்கு வந்து, கடலட்டை பிடித்து, காற்று மாறியதும் திரும்பிப் போவது வழக்கம். புத்தளம், கற்பிட்டிக் கரைவாசிகளுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. கடலட்டையைக் குடல் நீக்கி, பெரிய கொப்பரையில் வேகவைத்து, ஈரமணலில் புதைத்துவைத்து மேல்தோலைக் கழற்றி, மறுபடி அவித்துப் புகையில் உலர்த்துவார்கள். சரக்கு முழுவதும் சீனச் சந்தைக்குப் போகும். மக்காசர்காரர் தங்கிய இடங்களில் அவர்கள் கொண்டுவந்த புளியின் கொட்டை முளைத்து மரமாகி இன்றும் நிற்கிறது.

இந்த மாலுமிகளோடு பேச மலாய் தெரிந்த ஒருவர் வேண்டும். அரசு தன் கைதிகளிலேயே அவரைக் கண்டது. ராஃபிள்ஸ் விரிகுடாவில் 1827 ஜூனில் அமைந்த வெலிங்டன் கோட்டையிலும், 1838இல் தொடங்கிய போர்ட் எஸிங்டன் குடியேற்றத்திலும் ஊதீன் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். முதலாவதில் தொடக்க ஆண்டில் படையினருக்கும் பூர்வகுடியினருக்கும் இடையே இரத்தக்களரி நேர்ந்தது. 1828இல் பொறுப்பேற்ற கப்டன் பார்க்கர் பூர்வகுடியினரோடு பழகி அமைதியைக் கொண்டுவந்தார். மறு ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மக்காசர் படகுகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு வந்தன. ஆனால் கோட்டையைக் கைவிடும் கட்டளை முன்பே பிறந்துவிட்டது. 1829 ஆகஸ்டில் அது கலைந்தது. போர்ட் எஸிங்டனும் காய்ச்சலாலும் தனிமையாலும் நலிந்து 1849இல் முடிவுக்கு வந்தது. மக்காசர் படகுகளின் வருகை 1907 வரை நீடித்தது.

வரலாற்றில் இடம்

ஊதீன் தன் கையால் எழுதிய வரலாறு எதுவும் நூலாகவில்லை. நீதிமன்றப் பதிவு, கப்பல் பட்டியல், குடியேற்ற அதிகாரிகளின் குறிப்பு ஆகியவற்றில்தான் அவர் தென்படுகிறார். குற்றவாளி என்று ஒதுக்கிய அதே அரசு, பத்து ஆண்டுக்கு மேல் கழித்து அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் உதவி நின்ற குடியேற்றங்களோ பிறர் நிலத்தில் எழுந்தவை. நாட்டை இழந்தவர் இன்னொரு மக்களின் நாட்டைக் கைப்பற்றும் பணியில் நிறுத்தப்பட்டதையும் அவர் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.

அவரின் வழித்தோன்றல்கள் இன்றும் அவுஸ்திரேலியாவில் வாழ்கிறார்கள். இலங்கையில் 1815 என்றால் அரசரும் பிரதானிகளும் உடன்படிக்கையுமே பாடநூல்களில் இடம்பெறுகின்றனர். அந்த ஆண்டு குலைத்த வாழ்க்கைகளில் சிப்பாய்களின் குடும்பங்களும் உண்டு. ஊதீனின் வரலாறு அவர்களுக்கும் இலங்கை வரலாற்றில் உரிய இடத்தைக் கோருகிறது.