வாக்கெடுப்பு தீர்க்க முடியாத காற்று: அமெரிக்க மாணவர் சங்க இல்லங்களில் புகைத்தடை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை ஒட்டிய தெருக்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகத் தாங்கிய பெரிய வீடுகளைக் காணலாம். ஃபிரட்டெர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களும் சொரோரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்களும் தம் உறுப்பினரைக் குடிவைத்திருக்கும் இல்லங்கள் இவை. இவற்றினுள் புகைபிடிக்கலாமா என்பதை உறுப்பினர்களே வாக்களித்து முடிவுசெய்யட்டும் என்கிறது சங்கங்களின் தன்னாட்சி மரபு. கேட்க நியாயமாக இருக்கும் இந்த ஏற்பாடு, அதிகம் பாதிக்கப்படுபவரின் குரலை அடக்கிவிடுகிறது என்பதே என் வாதம்.

சட்டம் இந்தக் கேள்வியைச் சொத்துரிமையின் கேள்வியாக மாற்றிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் 2003இல் விரிவாக்கப்பட்ட உள்ளரங்கக் காற்றுச் சட்டம், கல்லூரிக்குச் சொந்தமான அல்லது கல்லூரி நடத்தும் விடுதிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஊதியம் பெறாத உறுப்பினர்களே எல்லா வேலைகளையும் செய்யும் சங்கங்களுக்கோ விலக்கு அளிக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2011இலும் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2014இலும் கொண்டுவந்த வளாகப் புகைத்தடைகளும் பல்கலைக்கழக நிலத்தின் எல்லையோடு நின்றுவிடுபவை. சங்க இல்லங்கள் பலவும் முன்னாள் மாணவர்கள் அமைத்த நிறுவனங்களின் சொத்து. ஆகவே ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவர் காப்புக்குள்ளும் மற்றவர் அதற்கு வெளியிலும் உறங்குகிறார்கள்.

‘இது தனியார் வீடு’ என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இதை ஏற்பது எனக்கு மிகக் கடினமாக இருக்கிறது. அமெரிக்க வீட்டுவசதித் துறை, ஏழைக் குடும்பங்கள் வாழும் அரசுக் குடியிருப்புகள் அனைத்திலும், அவரவர் வீட்டுக்குள்ளேகூட, சிகரெட்டைத் தடைசெய்தது. 2018 ஜூலை இறுதிக்குள் எல்லாக் குடியிருப்புகளும் அதற்கு இணங்க வேண்டியிருந்தது. சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரின் நுரையீரலே அங்கே காரணமாகக் காட்டப்பட்டது. கதவு பூட்டித் தனிக்குடும்பம் நடத்தும் ஒரு மூதாட்டியின் வீட்டில் நுழைய முடிந்த சட்டம், பலர் அறைகளைப் பகிர்ந்து ஒரே கூடத்தில் உண்ணும் கட்டடத்தின் வாசலில் தயங்கி நிற்பதற்கு அறம் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. புகைப்பவருக்குத் தனி அறை ஒதுக்குவதோ சன்னலைத் திறந்துவைப்பதோ காற்றைச் சுத்திகரிப்பதோ பிறர் விடும் புகையிலிருந்து முழுப் பாதுகாப்புத் தராது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகவே சொல்லிவிட்டது.

நெருப்பு இன்னும் கொடியது. 1996 மே 12, வட கரோலினாவின் சேப்பல் ஹில். பட்டமளிப்பு நாள், அன்னையர் தினமும்கூட. அன்று காலை ஃபை காமா டெல்டா இல்லத்தில் பற்றிய தீயில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அணைக்காமல் எறியப்பட்ட புகைபொருளே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்த இல்லத்தில் நீர்த்தெளிப்பான்கள் இல்லை. அதன்பின் சங்க இல்லங்களில் நீர்த்தெளிப்பான்களை நகராட்சி கட்டாயமாக்கியது. தேவையான நடவடிக்கைதான், ஆனால் அது மூண்டபின் தீயை அணைப்பது. மூட்டும் பொருளை உள்ளே விடுவதா என்ற கேள்வியும் அதே தீவிரத்தோடு எழுந்திருக்க வேண்டும். மேல்மாடியில் தூங்குகிறவர் கீழ்த்தளத்தில் புகைப்பதற்கு வாக்களித்திருந்தாரா என்று தீ பார்ப்பதில்லை.

வாக்கின் மதிப்பையும் இங்கே எடைபோட வேண்டும். ‘ப்ளெட்ஜ்’ எனப்படும் புதுமுகம், மூத்தவர்களின் ஏற்பைப் பெறும்வரை முழு உறுப்பினராவதில்லை. நம் கல்லூரிகளில் ராகிங் என்று அறியப்படும் கொடுமை அங்கே இந்தத் தகுதிகாண் காலத்தில்தான் கூடுதலாக நிகழ்கிறது. எதையும் சகித்துக்கொள்வதே விசுவாசம் என்று கற்பிக்கப்படும் பதினெட்டு வயதுப் பிள்ளை, ஆஸ்துமா இருக்கிறது, வெளியே போய்ப் புகையுங்கள் என்று மூத்தவரிடம் சொல்வாரா? அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அநீதி. சில சமயம் அந்த மௌனம் பழக்கமாகவும் மாறுகிறது. பள்ளிப் பருவத்தில் வழக்கமாகப் புகைக்காதவர்கள், புகையற்ற விடுதியில் வாழ்ந்தால் புகைப்பது குறைவாக இருந்ததை ஹென்றி வெக்ஸ்லர் குழுவின் 2001ஆம் ஆண்டு ஹார்வர்டு ஆய்வு காட்டியது. கல்லூரிச் சூழலே பழக்கத்தை உருவாக்கும் என்பதைப் புகையிலை நிறுவனங்கள் வெகுமுன்பே நன்கறிந்திருந்தன. 1963 வரை அவை மாணவர்களையே முகவர்களாக அமர்த்தி வளாகங்களில் சிகரெட்டை இலவசமாக வழங்கிவந்தன.

பெண்கள் தரப்பில் இந்த வரலாறு வேறுவிதமானது. 1925இல் பிரின் மார் மகளிர் கல்லூரி புகைக்கும் அறைகளை அனுமதித்தபோது, ஆண்களுக்கு உள்ளது தமக்கும் வேண்டும் என்ற சமத்துவக் குரலுக்கு அது செவிசாய்த்தது. அந்தக் குரலை நான் மதிக்கிறேன். இன்று சமத்துவம் கோரி நிற்பவரோ, அதே அறையில் புகைக்காமல் வாழும் தோழி.

ஆகவே தடை வாடகை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு மாறும் மாணவர் பெரும்பான்மையிடம் அதை விடலாகாது. இது நடக்காத காரியமன்று. ஃபை டெல்டா தீட்டா சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் தன் இல்லங்களில் மதுவையே விலக்கியது. மதுவுக்குக் கிடைத்த உறுதி சிகரெட்டுக்கும் மின்சிகரெட்டுக்கும் கஞ்சாவுக்கும் கிடைக்க வேண்டும். தடையோடு வெளியே கூரை போட்ட ஓர் இடமும் மணல் நிரப்பிய உலோகத் தொட்டியும் தராவிட்டால், புகைப்பவர் சன்னல் விளிம்புக்கும் மொட்டைமாடிக்கும் போவார். ஆபத்து இடம் மாறுமே தவிரக் குறையாது. மீறலைப் பற்றிய புகார் சங்கத் தலைவரான மூத்த மாணவரிடம் போகாமல், சொத்தை நிர்வகிக்கும் முன்னாள் மாணவர் குழுவிடம் நேராகச் செல்ல வேண்டும். புகார் தந்த புதுமுகத்தின் பெயரை அக்குழு எவருக்கும் வெளியிடக் கூடாது.