சொல்லும் அதற்குச் சான்றும்

பிற மாநிலங்களில் அலுவல் பார்க்கும் நம்மவருக்கு வீட்டிலே தமிழ், வீதியிலே அவ்வூர் மொழி, கோப்பிலே ஆங்கிலம். நான் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில் 'சாங்ஷன்' என்னும் சொல்லுக்கு 'ஒப்புதல்' என்றே எழுதிப் பழகியிருந்தேன். ஒரு நாள், ஒரு நாட்டின்மீது விதிக்கப்பட்ட 'சாங்ஷன்' பற்றிய குறிப்பிலும் அவ்வாறே எழுதிவிட்டேன். அங்கே அதன் பொருள் தண்டனையாக விதிக்கும் தடை! கையகராதியில் இரு பொருளும் இருந்தன; எது எங்கே பொருந்தும் என்பதுதான் இல்லை.

இக்குறை பழமையானது. 1604-இல் லண்டனில் ராபர்ட் காட்ரி வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 2,500 கடின சொற்களுக்குச் சுருக்கமாகப் பொருள் கூறிற்று; எடுத்துக்காட்டு தரவில்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பேரகராதியோ, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு நூலாசிரியர்களின் வாக்கியங்களை லட்சத்துக்கு மேல் சான்றாகத் தந்தது. நூல்களைப் படித்து அவர் கோடிட்ட பகுதிகளை உதவியாளர்கள் படியெடுத்தனர். சொல்லின் பொருளை வழக்கே காட்டும் என்பது அவர் கண்ட நெறி.

எனினும் அவை ஆங்கிலேயருக்கு ஆனவை. பிறமொழியாளர் விளக்கத்தைப் புரிந்துகொள்ளவே மற்றோர் அகராதியை நாட வேண்டியிருந்தது. இந்த இடரை நன்கு உணர்ந்தவர், அந்நாளைய வங்காளத்தின் டாக்காவில் கல்விப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட். 1935-இல் அவர் எண்டிகாட் என்பாருடன் வெளியிட்ட அகராதி, எல்லாச் சொற்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கிற்று. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவர் தோழர் இருவரும் 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியோ, ஒரு வினைச்சொல் எவ்வகை வாக்கியங்களில் அமையும் என்பதையும் எடுத்துக்காட்டுகளால் உணர்த்திற்று. 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதனை வெளியிட, உலகெங்கும் மாணவர் கைகளில் அது தவழ்ந்தது.

கற்போர் அகராதி இவ்வாறு உருப்பெற்றது இங்கிலாந்தில் அன்று. ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்ற டாக்கா, டோக்கியோ மாணவர்களின் இடர்ப்பாட்டிலேயாம். நம்முடைய இடர்ப்பாடும் அதுவே.

என் பிழைக்குப்பின் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். புதிய சொல்லை எழுதி, அருகே பொருளையும், கீழே அச்சொல் வந்த வாக்கியத்தையும் எழுதுவேன். 'சாங்ஷன்' என்பதற்கு அதில் இரு வாக்கியங்கள் உள்ளன. அதன்பின் அச்சொல்லில் நான் தடுமாறியதில்லை.