அரைக்கோளம்: சொல்லும் வெட்டுத்தளமும்

‘அரைக்கோளம்’ என்னும் கலைச்சொல், பாதியைக் குறிக்கும் ‘அரை’ என்னும் தமிழ்ச்சொல்லும், வடமொழியின் ‘கோல’ என்பதிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டும் ‘கோளம்’ என்பதும் கூடி அமைந்ததாகும். கிரகத்தைக் குறிக்கும் ‘கோள்’ என்பதோ ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்த வேறு சொல். ஆதலால், ஒலி ஒப்புமை கருதி அரைக்கோளத்தைக் கோளின் பாதி என்று கொள்வது பொருந்தாது. உருண்டை ஒன்றை அதன் மையத்தின் வழியே செல்லும் தளம் வெட்டினால் கிடைக்கும் இரு சமபாதிகளுள் ஒவ்வொன்றும் அரைக்கோளமே.

ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லின் மூலம் கிரேக்கத்தின் ‘ஹெமிஸ்ஃபைரியோன்’ ஆகும். அதிலுள்ள ‘ஹெமி’யும் இலத்தீனத்தின் ‘செமி’யும் வடமொழியின் ‘சாமி’யும் பாதி என்னும் ஒரே பொருளுடைய இனச்சொற்கள். 499ஆம் ஆண்டையொட்டி ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தின் நான்காம் பகுதியான கோலபாதம், புவி முதலிய உருண்டைகளில் ஒரு பாதி தன் நிழலால் இருண்டும், ஞாயிற்றை நோக்கிய மறுபாதி ஒளிபெற்றும் விளங்குவதாகக் கூறுகிறது.

புவியைப் பொறுத்தவரை, வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் நிலநடுக்கோடு சுழல் அச்சால் தானே அமைவது. கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் கோடோ 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீனிச்சைத் தேர்ந்ததனால் நிலைபெற்றது. அக்கோட்டின்படி அயர்லாந்தும் போர்ச்சுகலும் முழுவதும் மேற்கு அரைக்கோளத்தில் அடங்குகின்றன; எனினும், அரசியல் வழக்கில் அத்தொடர் அமெரிக்கக் கண்டங்களையே சுட்டுவதாயிற்று. 1823இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்றோ விடுத்த செய்தியில் ‘இந்த அரைக்கோளம்’ என்றது அவற்றைத்தான்.

தமிழில் புணர்ச்சியும் இடர் தருகிறது. ‘வட’, ‘அரைக்கோளம்’ ஆகிய இரண்டும் வகர உடம்படுமெய் பெற்று ‘வடவரைக்கோளம்’ ஆவது இலக்கணப்படி சரியே. ஆயினும், ‘வடவரை’ என்பது வடக்கிலுள்ள மலையைக் குறிக்கும் பழந்தொடராகவும் இருப்பதால், ‘வட அரைக்கோளம்’ எனப் பிரித்தெழுதுவதே தெளிவு.

உடற்கூற்றியலில் இச்சொல் வடிவக் கணக்கைக் கடந்துவிட்டது. பெருமூளை முழுவதுமே ஏறத்தாழ அரைக்கோள வடிவினது என்பதால், அதன் இடப் பாதியும் வலப் பாதியும் உண்மையில் கால்கோளத்தையே ஒக்கும். ஆயினும், அவை அரைக்கோளங்கள் என்றே வழங்குகின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் தடித்த நரம்பிழைக் கற்றை, கடும் வலிப்பு நோய்க்காக அறுக்கப்பட்டவர்களை ஆராய்ந்து, ஒவ்வொரு பாதிக்கும் உரிய தனித் திறன்களை வெளிப்படுத்திய ரோஜர் ஸ்பெர்ரி, 1981இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.