காதால் படித்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கண்புரை அறுவை முடிந்து சில வாரம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். பேத்திதான் கைப்பேசியில் ஒலிப்புத்தகம் கேட்கச் சொல்லிக் கொடுத்தாள். கேட்கக் கேட்க, இது எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தேன். கார் ஓட்டுபவர்களுக்காக வந்த வசதி என்று நினைத்திருந்தேன். இல்லை. இதன் வேர் ஒரு போர்க்களத்தில் இருக்கிறது.

1916-இல் ஃபிரான்ஸின் சோம் போர்க்களத்தில் இயன் ஃப்ரேசர் என்ற ஆங்கிலேய இளைஞருக்குக் குண்டு பாய்ந்து இரு கண்களும் போயின. வயது 18. நம் பிளஸ் டூ பிள்ளைகளின் வயது! போரில் பார்வை இழந்தவர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிலையத்தில் சேர்ந்தார். அங்கே கிராமபோனில் பாட்டுக் கேட்டபோது, இதில் ஏன் புத்தகம் கேட்கக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. வளர்ந்த பிறகு கண் இழந்தவர்களில் பலருக்கு, அதிலும் கை விரலும் சேதமானவர்களுக்கு, பிரெய்ல் எட்டாக்கனி.

ஆனால் அன்றைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாவலுக்கு எத்தனை தட்டு வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள் (பழைய வாத்தியார் புத்தி போகவில்லை). பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகு வேகத்தை 24 சுற்றாகக் குறைத்து, பக்கத்துக்கு 25 நிமிடம் வரை கொண்டுவந்தார்கள். ஒரு நாவல் சுமார் 10 தட்டில் அடங்கியது.

1935 நவம்பரில் பிரிட்டனில் முதல் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. அவற்றில் இரண்டு, அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’, ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’. முதல் நாவல் ஒரு டாக்டர் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு போகும் கதை. ஒரே குரலை நம்பி இருட்டில் பின்னாலேயே நடக்கவேண்டும். முடிவு தெரிந்தவர்களுக்கு இந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.

அமெரிக்காவிலும் அதே காலத்தில் இந்தப் பணி நடந்தது. அங்கே அலெக்சாண்டர் ஸ்கோர்பி என்ற நாடக நடிகர் 1930களில் தொடங்கி நானூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களைப் பார்வையற்றோருக்காக வாசித்தார். பதிப்பாளர்கள் போட்ட நிபந்தனைப்படி அந்தத் தட்டுகளைப் பார்வையுள்ளவர்கள் கேட்கக்கூடாது. நாட்டின் மிகச் சிறந்த வாசிப்புக் குரலைக் கேட்கும் உரிமை கண் தெரியாதவர்களுக்கு மட்டுமே! கார் ஓட்டுபவர்களுக்கு நாடாவில் நாவல் வாடகைக்கு வந்ததெல்லாம் 1975-க்குப் பிறகு.

இதைப் படித்ததும் மனம் உறுத்தியது. என் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். மதிய இடைவேளையில் பக்கத்துப் பையன் துணைப்பாடக் கதையைப் படித்துக்காட்ட, அவன் சிரித்துக்கொண்டே கேட்பான். ஒருநாள், “சார், இந்தக் கதையை நானும் படிச்சிட்டேன்” என்றான். “படிக்கலடா, கேட்டிருக்கே” என்று திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வாத்தியாராகத் திருத்தினேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

தம்பி, நீ இந்தக் குழுவில் இருக்கிறாய். உன் கைப்பேசி இதை உனக்குப் படித்துக்காட்டும். அன்று நீ சொன்னதுதான் சரி.

மற்றவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு குரல் பிடித்துப்போனால் நூலாசிரியர் பெயரை விட்டு, வாசித்தவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவர் வாசித்த வேறு கதைகள் வரும். நான் அப்படித்தான் தேடுகிறேன். லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த பழைய ஆங்கில நாவல்கள் இலவசம். ‘டைஃபூன்’ அங்கேதான் கேட்கிறேன். கப்பல் இப்போது நடுப்புயலில் நிற்கிறது, மிச்சம் இன்று இரவுக்கு.