881 பந்துகள்... ஒரே கை! ஜப்பான் பேஸ்பாலை உலுக்கிய 2018 சீசன்

டி20 மேட்ச்சில் ஒரு பௌலர் அதிகபட்சம் எத்தனை பந்து வீசலாம்? 24. 2018 ஆகஸ்ட் மாதம், ஜப்பானில் 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் ஆறே போட்டிகளில் 881 பந்துகள் வீசினார். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் 146 ஓவர், 5 பந்து. அதுவும் சுட்டெரிக்கும் கோடையில், இரண்டு வாரத்துக்குள்.

அவர் பெயர் யோஷிதா கோசெய். அன்றைக்கு நாடே அவருக்காகக் கைதட்டியது. தட்டி முடித்த கையோடு, 'இப்படி ஒரு பையனை வீச வைக்கலாமா?' என்ற கேள்வியும் கிளம்பியது. ஜப்பான் பேஸ்பாலைப் புரிந்துகொள்ள எந்த சீசனைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் 2018-ஐச் சொல்லலாம். பள்ளி, கல்லூரி, கம்பெனி, புரொஃபஷனல் என எல்லா மட்டத்திலும் அந்த வருஷம் கதை இருக்கிறது.

பள்ளிக்கூட மேட்ச்சுக்கு 10 லட்சம் பேர்

ஜப்பானில் பேஸ்பால் என்றால் புரொஃபஷனல் லீக் மட்டும் கிடையாது. மார்ச் கடைசியில் ஒன்று, ஆகஸ்ட்டில் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு தேசிய அளவிலான பள்ளிப் போட்டிகள் நடக்கும். இரண்டுக்கும் களம் ஹ்யோகோ மாகாணத்தில் இருக்கும் கோஷியென் ஸ்டேடியம். 1924-ல் கட்டியது. ஹன்ஷின் டைகர்ஸ் என்ற புரொஃபஷனல் அணியின் சொந்த மைதானம் இதுதான். ஆனால், ஆகஸ்ட்டில் பள்ளிப் பசங்களுக்காக டைகர்ஸ் இடத்தைக் காலி பண்ணிவிட்டு வெளியூர் மைதானங்களில் ஆடப் போய்விடும். கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்கள் பள்ளி மாணவர்களுக்கு வழிவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயம் போதும், கோஷியெனின் மவுசைச் சொல்ல.

கோடைப் போட்டி 1915-ல் தொடங்கியது. உலகப்போரால் சில வருடங்கள் விடுபட்டதால், 100-வது போட்டி 2018-ல் வந்தது. நாடு முழுக்க 3,781 அணிகள் மோதியதில், கோஷியெனுக்கு வந்தவை 56. எல்லாமே நாக்-அவுட்; ஒரு முறை தோற்றால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். தோற்ற பசங்க அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை முதல்முறையாக 10 லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாவது சுற்றிலேயே ஒரு மேட்ச் எல்லோரையும் சீட் நுனிக்கு இழுத்தது. 13-வது இன்னிங்ஸ் வரை போன போட்டியில், இரண்டு ரன் பின்தங்கியிருந்த சாய்பி பள்ளி, மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஒரே அடியில் நான்கு ரன் எடுத்து 13-11 என செய்ரியோ பள்ளியைச் சாய்த்தது. பின்தங்கிய அணி இப்படி 'கிராண்ட் ஸ்லாம்' அடித்து அந்த நொடியிலேயே ஆட்டத்தை முடித்தது கோஷியென் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை.

விவசாயப் பள்ளி vs நட்சத்திரப் பள்ளி

ஆனாலும், அந்த ஆகஸ்ட் கனாஅஷி பள்ளிக்குத்தான் சொந்தம். வடக்கே, பனி கொட்டும் அகிதா மாகாணத்தில் இருக்கும் அரசு விவசாயப் பள்ளி அது. பேஸ்பாலில் ஜொலிக்கும் தனியார் பள்ளிகள் பல, நாடு முழுக்கத் தேடித் திறமையான மாணவர்களைக் கொண்டுவரும். கனாஅஷி அணியில் ஆடிய ஒன்பது பேரும் உள்ளூர்ப் பசங்க. தகுதிச்சுற்றிலிருந்து இறுதிப்போட்டியின் பாதி வரை மாற்று வீரர் ஒருவரைக்கூட இறக்காமல், அதே ஒன்பது பேர்தான்!

அந்த ஒன்பது பேரில் பந்து வீசியவர் யோஷிதா மட்டுமே. முதல் போட்டியில் 157 பந்துகள், இரண்டாவதில் 154. மூன்றாவதில் பலம்வாய்ந்த யோகொஹாமா பள்ளிக்கு எதிராக 164. அதில் 8-வது இன்னிங்ஸில் வந்த மூன்று ரன் ஹோம் ரன்தான் 5-4 என வெற்றி தந்தது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பள்ளிப் பாடலைப் பாடுவது கோஷியென் வழக்கம். கனாஅஷி பசங்க உடம்பை வில்லாக வளைத்து, வானத்தைப் பார்த்துக் கத்திப் பாடியது அந்தக் கோடையின் வைரல் காட்சி.

காலிறுதிதான் உச்சம். ஓமி பள்ளிக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் ஸ்கோர் 1-2. மூன்று பேஸிலும் ஆள். பேட்டர் பந்தை ஓங்கி அடிக்கவில்லை, மட்டையால் மெதுவாகத் தட்டி உருட்டிவிட்டார். மூன்றாவது பேஸில் நின்றவர் ஓடிவந்தார். அது எல்லோரும் எதிர்பார்த்தது. இரண்டாவது பேஸில் நின்றவரும் நிற்காமல் பின்னாலேயே ஓடிவந்து சறுக்கிப் பாய்ந்தார். 3-2, மேட்ச் ஓவர்! அடுத்து அரையிறுதியும் ஒரு ரன் வித்தியாசத்தில் கைக்கு வந்தது. 1915-ன் முதல் போட்டிக்குப் பிறகு, 103 வருடங்கள் கழித்து அகிதாவிலிருந்து ஒரு பள்ளி இறுதிக்குள் நுழைந்தது.

எதிரில் ஒசாகா தோயின். அந்த வசந்தகாலப் போட்டியின் சாம்பியன். புரொஃபஷனல் அணிகள் கண்வைத்திருந்த பிட்சர்களே அங்கே மூன்று பேர். ஒருவருக்குக் கை வலித்தால் இன்னொருவர். முந்தைய மூன்று போட்டிகளில் மட்டும் 438 பந்துகள் வீசிவிட்டு வந்த யோஷிதாவை அவர்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். ஐந்து இன்னிங்ஸ், 132 பந்துகள், 12 ரன். ஆறாவது இன்னிங்ஸில்தான் பந்து வேறொரு கைக்குப் போனது. முடிவு 13-2. ஒரே வருடத்தில் வசந்தம், கோடை இரண்டையும் ஜெயிக்கும் சாதனையை இரண்டாவது முறை செய்த முதல் பள்ளி என்ற பெருமை தோயினுக்கு.

தொழில்முறை வீரருக்கு வாரம் ஒரு நாள்

இப்போது புரொஃபஷனல் பக்கம் வருவோம். 12 அணிகள், சென்ட்ரல், பசிஃபிக் என இரண்டு லீக், ஒவ்வொரு அணிக்கும் 143 போட்டிகள். இங்கே தொடக்க பிட்சர் பொதுவாக வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவார். 2018-ன் சிறந்த பிட்சருக்கான சவாமுரா விருதை வாங்கிய யோமியூரி ஜயன்ட்ஸ் அணியின் சுகானோ தொமோயுகி, வழக்கமான சீசன் முழுக்க 202 இன்னிங்ஸ் வீசினார். யோஷிதா 14 நாளில் வீசியது 50 இன்னிங்ஸ். காசு வாங்கி ஆடும் உச்ச வீரரின் ஆறு மாத உழைப்பில் கால்வாசியை, காசு வாங்காத பையன் இரண்டு வாரத்தில் முடித்திருக்கிறார். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் 'அது பசங்களோட ஆர்வம்' என்று சொல்வது கொஞ்சம் ஓவர்!

சீசனில் என்ன நடந்தது? ஹிரோஷிமா கார்ப் தொடர்ந்து மூன்றாவது முறை சென்ட்ரல் லீக்கை வென்றது. அந்த அணிக்கு அதுவே முதல் ஹாட்ரிக். ஜூலையில் மேற்கு ஜப்பானை மூழ்கடித்த வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கார்ப் தன் சொந்த மைதானப் போட்டிகள் மூன்றை ரத்து செய்தது. அதே மைதானத்தில் செப்டம்பர் 26 அன்று பட்டத்தை உறுதி செய்தபோது அந்த ஊர் கொண்டாடியதற்கு வேறொரு அர்த்தம் இருந்தது. பசிஃபிக் லீக்கில் செய்பு லயன்ஸ் பத்து வருடம் கழித்து முதலிடம். ஆனால், பிளே-ஆஃபில் அவர்களைக் கவிழ்த்துவிட்டு, லீக்கில் இரண்டாவதாக வந்த சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் இறுதித் தொடருக்குப் போனது. 4-1, ஒரு டிரா. கோப்பையும் ஹாக்ஸுக்கே.

அந்தத் தொடரின் நாயகன் ஹாக்ஸின் கேட்சர். பெயர் கை தகுயா. ஆமாம், 'கை'தான் குடும்பப் பெயர்! தமிழில் படித்தால் செம பொருத்தம். ஓடி பேஸைத் திருடுவதில் கில்லாடிகளான கார்ப் வீரர்கள் அவரிடம் ஆறு முறை முயன்று, ஆறு முறையும் அவுட். அவரின் த்ரோவுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'கை கேனன்', அதாவது கை பீரங்கி. இத்தனைக்கும் 2010-ல் அவரை முழு வீரராகக்கூட யாரும் எடுக்கவில்லை. மூன்று இலக்க ஜெர்ஸி எண்ணோடு, குறைந்த சம்பளத்தில் 'பயிற்சி வீரர்' ஒப்பந்தத்தில் வந்தவர் அவர்.

ஆபீஸ் போகும் வீரர்கள்

பள்ளிக்கும் புரொஃபஷனலுக்கும் நடுவே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகம், டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழக லீக் 1925-லிருந்து நடக்கிறது. இன்னொன்று கம்பெனி அணி. வீரர்கள் அந்த நிறுவன ஊழியர்கள். வேலையும் உண்டு, பயிற்சியும் உண்டு. 1927-ல் ஆரம்பித்த நகரங்களுக்கு இடையிலான போட்டிதான் இவர்களின் உலகக் கோப்பை. இதில் ஒரு சூப்பர் விதி: தகுதிச்சுற்றில் தோற்ற பக்கத்து அணிகளிலிருந்து மூன்று வீரர்கள் வரை கடன் வாங்கிக்கொள்ளலாம்! 2018-ல் ஒசாகா கேஸ் நிறுவன அணி முதல்முறையாக ஜெயித்தது. அமெரிக்காவைக் கலக்கிய நோமோ ஹிதேயோவும் ஒரு ஸ்டீல் கம்பெனி அணியிலிருந்து வந்தவர்தான்.

பள்ளி முடிக்கும் மாணவர் பல்கலைக்கழகம் போனால் நான்கு வருடம், கம்பெனி அணிக்குப் போனால் மூன்று வருடம் காத்திருந்தால்தான் அடுத்து டிராஃப்ட்டுக்கு வர முடியும். அதனால் 17, 18 வயதில் எடுக்கும் முடிவு லேசானதல்ல. யோஷிதா முதலில் பல்கலைக்கழகம் போவதாகத்தான் இருந்தார். கோஷியென் எல்லாவற்றையும் மாற்றியது. அக்டோபர் 25 டிராஃப்ட்டில் 12 அணிகளில் 11 அணிகள் முதல் தேர்வாகக் கேட்டது மூன்றே மூன்று பள்ளி மாணவர்களை: தோயினின் நெயோ அகிரா, ஃபுஜிவாரா கியோதா, ஹோதொகு பள்ளியின் கொசோனோ கைட்டோ. ஒரே ஆளைப் பல அணிகள் கேட்டால் குலுக்கல்தான். நெயோவுக்கான குலுக்கலில் தோற்ற நிப்பான் ஹாம் அணி, அடுத்ததாக யோஷிதாவை எடுத்தது.

500 என்ற கோடு

இதே நிப்பான் ஹாமில் ஏற்கெனவே ஒரு கோஷியென் ஹீரோ இருந்தார். சைத்தோ யூகி. 2006 கோடையில் 948 பந்துகள் வீசிச் சாம்பியன் ஆனவர். புரொஃபஷனலாக மொத்தம் 15 வெற்றிகளோடு 2021-ல் ஓய்வுபெற்றார். 'பார்த்தீங்களா, பள்ளியிலேயே கையைத் தேய்த்துவிட்டார்கள்' என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால், 1998-ல் ஒரே காலிறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்துகள் வீசிய மாட்சுசாகா தைசுகே அமெரிக்கா வரை போய் ஜெயித்தார். ஒருவரின் கதையை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் சந்தேகம் இருக்கும்போது ரிஸ்க் எடுப்பது யார் கையை வைத்து என்பதுதான் கேள்வி.

2018 டிசம்பரில் நீகாதா மாகாண பள்ளி பேஸ்பால் சங்கம் துணிந்து அறிவித்தது: ஒரு போட்டியில் ஒரு பிட்சருக்கு 100 பந்துகள்தான். தேசிய சங்கம் 'மறுபரிசீலனை செய்யுங்கள்' என்றதால் பின்வாங்கியது. ஆனால் விஷயம் அடங்கவில்லை. நிபுணர் குழு அமைத்து, கடைசியில் 2020-லிருந்து ஒரு பிட்சருக்கு ஒரு வாரத்தில் 500 பந்துகள் என்று வரம்பு வந்தது. யோஷிதா கடைசி ஐந்து நாட்களில் வீசியது 570. புது விதிப்படி அது நடக்கவே நடக்காது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வரம்பு வந்தால் யாருக்கு லாபம்? மூன்று, நான்கு பிட்சர்களை வைத்திருக்கும் தோயின் மாதிரிப் பள்ளிகளுக்கு. ஒரே ஒரு நல்ல பிட்சர் இருக்கும் உள்ளூர் அரசுப் பள்ளிக்கு இறுதிப்போட்டி இன்னும் தூரமாகிறது. 2018-ல் எல்லோரும் ரசித்த அந்தக் கதையே புது விதியில் சாத்தியமில்லை. என்னைக் கேட்டால், கதை போனாலும் பரவாயில்லை, கை இருக்கட்டும். ஆனால், கனாஅஷி ஊர்க்காரர்களிடம் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 2022-ல் வடகிழக்குப் பகுதியான தோஹோகுவுக்கு முதல் சாம்பியன் பட்டத்தைக் கொண்டுவந்த செந்தாய் இகுஎய் பள்ளி, ஐந்து பிட்சர்களை மாற்றி மாற்றி இறக்கித்தான் ஜெயித்தது.

யோஷிதா 2019 ஜூன் 12 அன்று கார்ப்புக்கு எதிரான முதல் புரொஃபஷனல் போட்டியிலேயே வென்றார். பிறகு தொடக்க பிட்சர் என்ற இடம் அவருக்கு நிலைக்கவில்லை; நடுவில் வந்து சில பந்துகள் மட்டும் வீசும் ரிலீவராக மாறினார். 2023 முடிவில் ஓரிக்ஸ் அணிக்கு டிரேடு ஆனார். அடுத்த ஆகஸ்ட்டில் கனாஅஷி மறுபடியும் கோஷியெனுக்கு வந்து முதல் போட்டியில் 6-4 எனத் தோற்றது. அந்த அணியின் முதன்மை பிட்சர், அவருடைய தம்பி.