குயவன், கோபுரம், தூக்க முடியாத கல்

பதிவு கொஞ்சம் நீளம். இரண்டு நாளாகச் சாரல் விடாமல் விழுகிறது, நடைக்குப் போக வழியில்லை. உட்கார்ந்து எழுதிவிட்டேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புக்குத் திருக்குறள் கடவுள் வாழ்த்து நடத்திக்கொண்டிருந்தேன். இறைவனின் எட்டுக் குணங்கள் என்று பரிமேலழகர் சொல்வதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். ஏழாவது, முடிவில்லாத ஆற்றல். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், தன்னாலேயே தூக்க முடியாத ஒரு கல்லைச் சாமியால உண்டாக்க முடியுமா?" வகுப்பே சிரித்தது. அவனை வெளியே நிற்க வைத்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் காரணம். அது அன்றே எனக்குத் தெரியும்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அதற்குச் சில நாள் கழித்து அந்தக் கடைசி பெஞ்சுக்காரனை டீக்கடையில் பார்த்தேன். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. "சார், அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் வேண்டாம். எல்லாம் வல்லவர்னு சொன்னீங்களே, அந்தப் பிள்ளையை ஏன் காப்பாத்தல? அதை மட்டும் சொல்லுங்க" என்றான். இந்த முறை வெளியே நிற்கவைக்க முடியாது. "கொஞ்சம் நாள் கொடுப்பா" என்று சொல்லிவிட்டு வந்து பழைய புத்தகங்களை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கேள்வியை நாத்திகர்கள் மேல்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். நம் பக்கத்திலேயே ஆயிரம் வருடமாக இது நடந்திருக்கிறது. அதிலும் கேட்டவர்களில் பலர் காவி கட்டியவர்கள், நாமம் போட்டவர்கள்.

சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே பாறையில் ஒரு பக்கம் வெட்டுவான் கோயில், சிவனுக்காகக் குடைந்து, முடிக்காமல் விட்டது. இன்னொரு பக்கம் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். இரண்டும் 8, 9ஆம் நூற்றாண்டு வேலை. அந்தத் தீர்த்தங்கரர்களை வணங்கிய சமணர்கள் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்கவில்லை. குறையே இல்லாதவனுக்குப் படைக்க வேண்டிய தேவை என்ன, தேவை இருந்தால் அவன் குறையில்லாதவன் ஆவானா என்பது அவர்கள் வாதம். அதே 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த ஜினசேனர் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். உலகம் தொடக்கமற்றது, செய்தவன் வேண்டியதில்லை என்பது அவர்கள் முடிவு.

கடவுள் உண்டு என்பவர்களின் பெரிய ஆயுதம் குடம். குடத்தைப் பார்த்தால் குயவன் ஒருவன் இருந்தான் என்று தெரிகிறது. உலகமும் உறுப்புகள் சேர்ந்த ஒரு பொருள், ஆகவே அதற்கும் ஒருவன் உண்டு. நியாய தரிசனத்தார் இதைத்தான் தீட்டித் தீட்டிக் கூராக்கினார்கள். மிதிலையைச் சேர்ந்த உதயணர் இதற்காகவே நியாய குசுமாஞ்சலி என்று தனி நூல் செய்தார்.

இதை உடைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இராமானுசர்! பெருமாளே கதி என்று வாழ்ந்தவர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் எழுதும்போது, அனுமானத்தால் ஈசுவரனை நிறுவ முடியாது என்று வரிசையாகக் காரணம் காட்டுகிறார். குடம் செய்வதைக் கண்ணால் கண்டிருக்கிறோம், மலையையும் கடலையும் செய்ததை யார் கண்டது? எல்லாம் ஒரே காலத்தில் செய்யப்பட்டது என்று எப்படித் தெரியும்? ஒருவரே செய்தார் என்று எப்படித் தெரியும்? வேதம் சொல்கிறது, அதனால் நம்புகிறேன், தர்க்கம் அங்கே கொண்டுபோகாது என்பது அவர் நிலை. ஏறத்தாழ இதே கேள்விகளை ஸ்காட்லாந்துக்காரரான ஹியூம் எழுதி, அது அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்தது. நம் ஆட்கள் ஹியூமைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்!

இராமானுசர் சொன்னது புரிய, நம் ஊர்க் கோபுரத்தைப் பார்த்தாலே போதும். வெளியூரிலிருந்து வருகிறவர் அண்ணாந்து பார்த்து, "எந்த ராஜா கட்டினது?" என்று ஒருமையில் கேட்பார். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தொடங்கினான், அவன் தம்பி குலசேகரன் முடித்தான். பிறகு அது சிதைந்து மொட்டைக் கோபுரமாகப் பல காலம் நின்றது. என் வயதுக்காரர்களுக்கு அந்த மொட்டைக் கோபுரம்தான் தென்காசி. இப்போது நிற்கும் ஒன்பது நிலை 1990இல் குடமுழுக்கு கண்டது. கட்டியவர் ஒருவர் என்றால் யாரைச் சொல்வது?

பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வராமல் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று எழுதிவைத்திருக்கிறான். விசுவநாதர் தன் கோயிலைத் தானே பார்த்துக்கொள்வார் என்று அந்த பக்திமான் விட்டுவிடவில்லை.

சைவ சித்தாந்திகள் குடத்தைக் கைவிடவில்லை, வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதம், பன்னிரண்டே சூத்திரம். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியே எழுதினார். உலகாயதன் தொடங்கி 14 எதிர்க்கட்சிகள். ஒவ்வொருவன் வாதத்தையும் முதலில் அவன் பக்கம் நின்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் மறுப்பு. வகுப்பில் நான் செய்யத் தவறியது அது.

அவர்கள் கணக்கில் குடத்துக்கு மூன்று காரணம் வேண்டும். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை மண், சத்தி துணை, சிவன் குயவன். வேளார் தெருவில் போய்க் கேளுங்கள், மண்ணை நான்தான் உண்டாக்கினேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுபோல மாயையைச் சிவன் உண்டாக்கவில்லை. உயிரையும் உண்டாக்கவில்லை. உயிரைப் பிடித்த ஆணவ மலத்தையும் உண்டாக்கவில்லை. பதி, பசு, பாசம் மூன்றுமே தொடக்கமற்றவை. ஆகவே "தீமையை ஏன் படைத்தாய்?" என்று சித்தாந்தியின் சிவனைக் கேட்க முடியாது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் ஒடுங்குகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம், பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர்தான் இதற்கெல்லாம் மாபாடியம் எழுதியவர். மறைந்தது 1785. ஹியூமின் காலத்தவர், தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வழியில்லை.

எனக்கு இந்த விடை முழுத் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படைப்பின் பழியிலிருந்து சிவன் தப்பிவிடுகிறார், சரி. வெள்ளத்துக்கு என்ன பதில்? வினைப்பயன் என்பார்கள். நூலில் அது ஒழுங்காகப் பொருந்துகிறது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு முன்னால் நின்று என்னால் அதைச் சொல்ல முடியாது. மெய்கண்டாரே வந்தாலும் அந்த வீட்டு வாசலில் வாய் திறந்திருப்பாரா, தெரியவில்லை.

போன வாரம் அதே டீக்கடையில் அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். வெள்ளத்துக்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ கல்லு, சார்?" என்றான்.

"சித்தாந்தப்படி பார்த்தா அந்தக் கல்லை அவர் உண்டாக்கலப்பா. அது முன்னாடியே கிடக்கு. அவர் இப்பவும் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கார்" என்றேன். பண்டிதர்கள் இதை ஏற்பார்களா என்று தெரியாது, தோன்றியதைச் சொன்னேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார், ஒரு பீரியடு முழுக்க வெளியே நின்னேன்" என்றான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.