நரம்பு வலியும் மூளை அறுவையும்: நெய்வேலித் தொழிலாளரை முன்வைத்து

புண் ஆறி, எலும்பு கூடிய பிறகும் சிலருக்கு வலி போவதில்லை. எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீர்க் குத்தல், துணி உரசினாலே தாங்காத கூச்சம் என அது மாதக்கணக்கில் நீடிக்கிறது. உணர்வு நரம்பு மண்டலமே பழுதுபட்டதால் எழும் இதனை நரம்பு வலி என்கிறோம். மக்கள்தொகையில் 7 முதல் 10 விழுக்காட்டினர் இதனால் அவதிப்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த நெய்வேலியில் இத்தகைய வலிக்கான வாய்ப்புகள் தொழிலோடு ஒட்டியவை: கன்வேயர் பெல்ட்டில் நசுங்கும் விரல், கனரக வண்டியின் அதிர்வில் தேயும் முதுகு, கொதிநீராவி சுடும் தோல். 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டனர். ஆழ்ந்த தீக்காயத்திலிருந்து பிழைத்தவருக்கும் நரம்பு வலி பின்னாளில் வரக்கூடும். மருந்துக்கு அடங்காத அந்த வலிக்கு மூளையில் அறுவை செய்யலாமா? வலியின் ஊற்றை இன்னது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதை வழக்கமான சிகிச்சையாக ஏற்கலாம் என்பது என் வாதம்.

ஊற்று தெரியும் வலி

பல் துலக்கினாலும் காற்று பட்டாலும் முகத்தில் வெட்டி இழுக்கும் டிரைஜெமினல் வலியை எடுத்துக்கொள்வோம். பலருக்கு மூளைத்தண்டின் அருகே ஒரு இரத்தக் குழாய் டிரைஜெமினல் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். 1967இல் பீட்டர் ஜானெட்டா விளக்கிய அறுவை அந்தக் குழாயை விலக்கி வைக்கிறது. பைக் விபத்தில் கையின் நரம்பு வேர்கள் முதுகுத் தண்டிலிருந்து பிடுங்கப்படும்போது, வேர் நுழையும் இடத்து உயிரணுக்கள் தறிகெட்டுத் துடிக்கின்றன. 1970களில் நாஷோல்டு வகுத்த முறை அவற்றையே சுடுகிறது. இரண்டும் பல ஆண்டுகள் நிற்கும் பலனைப் பலருக்குத் தருகின்றன. காரணத்தையே தொடுவதால்தான் அந்தப் பலன்.

பக்கவாதத்துக்குப் பிந்தைய வலியின் கதை வேறு. மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்னும் பகுதி பழுதுபட்டதால் உடம்பின் ஒரு பாதி எரிவதை தெஜெரினும் ரூஸியும் 1906இலேயே விவரித்தனர். அங்கே வலியைப் பிறப்பித்ததே நரம்புப் பாதையின் அறுபடல். அறுபட்டதால் வந்த வலிக்கு மேலும் அறுப்பதை மருந்தாக்கினால், தணிந்த வலி சில காலத்தில் புது வலியோடு திரும்பக்கூடும்.

சென்னை தரும் பாடம்

1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மண்டையில் சட்டகம் பொருத்தி, ஆழத்திலுள்ள புள்ளியை அளந்து அடையும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி. எஸ். கனகாவும் உலகக் கவனம் பெற்றனர். அந்தத் துணிவு தமிழ்நாட்டின் பெருமை. ஆனால் அந்தக் காலத்தின் துணிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. வலியைத் துயரமாக்கும் சிங்குலம் என்னும் இழைக்கற்றையைச் சிதைத்து, தீராத வலிக்காரர்களுக்கு ஆறுதல் தந்ததாக ஃபோல்ட்ஸும் வைட்டும் 1962இல் எழுதினர். 1973இல் அதே கற்றையின் அறுவையைப் போதைப் பழக்கத்துக்குச் செய்ததைச் சென்னை மருத்துவர்கள் வெளியிட்டனர். ஊற்றைத் தொடாமல் துயரத்தை மட்டும் மழுக்கும் அறுவைக்கு இயல்பான எல்லை கிடையாது. வலிக்குச் செய்தது நடத்தைக்கும் நீளும். ஆகவே எல்லையை நாம்தான் வகுக்க வேண்டும்.

மின்தூண்டலின் சான்று

சிதைப்பதற்குப் பதிலாக மின்முனை பதித்துத் தூண்டும் முறை 1970களில் பரவியது. வேண்டாதபோது நிறுத்த முடிவது அதன் பெரிய நன்மை. எனினும் 2001இல் காஃபி என்னும் ஆய்வாளர் தொகுத்து வெளியிட்ட இரு பல்மைய ஆய்வுகளில், ஓராண்டுக்குப் பின் பாதி நோயாளிகளுக்காவது வலி பாதியாகக் குறைய வேண்டும் என்ற அளவுகோல் எட்டப்படவில்லை. 2017இல் வெளியான, பக்கவாத வலிக்கான சிறு ஆய்விலும் வலியால் வந்த முடக்கம் குறையவில்லை; மனச்சோர்வும் பதற்றமும் தணிந்தன. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு பேரின் மூளையில் பதித்த மின்முனைகள் வலியின் ஏற்ற இறக்கத்தை நெற்றிக்குப் பின்னுள்ள புறணியில் படித்துக் காட்டின. ஊற்றைத் தேடும் பாதை அது. அதனால் மின்தூண்டலை நெடுங்காலப் பதிவோடு கூடிய ஆய்வாக மட்டுமே நடத்த வேண்டும்.

வேதனையில் துடிப்பவரைச் சான்று வரும்வரை காத்திருக்கச் சொல்வது இரக்கமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்களில் பலர் காத்திருப்பது மூளை அறுவைக்காக அல்ல. தமக்கிருப்பது நரம்பு வலி என்று ஒருவர் கண்டுசொல்வதற்காக. டிஎன்4 என்னும் பத்து அம்சப் பரிசோதனைக்கு ஒரு தூரிகையும் ஊசியும் சில நிமிடங்களும் போதும்; நான்கு மதிப்பெண் வந்தாலே நரம்பு வலியை ஐயுறலாம். வழக்கமான வலிமாத்திரைகள் இதில் பெரிதும் உதவாது. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், காபாபென்டின் போன்றவையே முதல் வரிசை மருந்துகள்.

நெய்வேலி நகரிய மருத்துவமனையிலும் சுற்றுவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதமின்றி, விபத்துக்குப் பின் மூன்றாம் மாதத்தில் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். மருந்துக்கு அடங்காதவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ பதிவேட்டோடு அனுப்ப வேண்டும். ஊற்று தெரிந்தால் அறுவை. தெரியாவிட்டால் ஒப்புதலோடும் தொடர் கண்காணிப்போடும் ஆய்வு. இந்த வரிசை அமைந்தால்தான் மூளை அறுவை உரியவருக்குக் கிடைக்கும். மற்றவர்கள் அதன் ஆபத்திலிருந்து தப்புவார்கள்.